எய்தவர் பலர், அம்புக்கும் அறிவு: பல கைகள் வழியே நடக்கும் தீங்குக்கு யார் பொறுப்பு?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். போர்க்களத்தில் ஓர் இயந்திரம் தவறான ஆளைச் சுட்டாலும், அரசு அலுவலகத்து மென்பொருள் ஒன்று குற்றமற்றவரைக் குற்றவாளியாக்கினாலும், நாம் வாங்கும் சட்டைக்குப் பின்னால் எங்கோ ஒரு தொழிலாளி உயிரிழந்தாலும், அந்தத் தீங்கில் நூறு பேருக்குப் பங்கு இருக்கிறது. எல்லோருக்கும் பங்கு உண்டு என்றால் எவருக்கும் பங்கில்லை என்றுதானே பொருள்? மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் உங்களைப் போன்ற ஒருவர் இதில் எந்த அளவுக்குத் தன்னைப் பொறுப்பாளியாகக் கருத வேண்டும்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுப்பு என்பது வாரிசுகள் கூடக்கூடப் பங்கு சிறுத்துக்கொண்டே போகும் சொத்து போன்றதன்று. பத்துப் பேர் சேர்ந்து ஒருவரைக் கொன்றால் ஒவ்வொருவரும் பத்தில் ஒரு பங்கு கொலைகாரர் ஆவதில்லை. ஒருவருடைய பொறுப்பை அளக்க இரண்டு கேள்விகள் போதும்: என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியுமா, அல்லது முயன்றிருந்தால் தெரிந்திருக்குமா? தெரிந்தபின் அதை மாற்றவோ நிறுத்தவோ அவர் கையில் ஏதாவது இருந்ததா? இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். யாருக்கும் தெரியாதபடியும் யாராலும் நிறுத்த முடியாதபடியும் ஓர் ஏற்பாட்டை வடிவமைத்தவர்கள் இருந்தால், முதல் இரண்டு கேள்விகளிலும் மற்றவர்கள் பெறும் விலக்கு முழுவதும் அவர்கள் கணக்கில்தான் ஏறும். இந்த மூன்றாவது செய்திதான் பெரும்பாலான விவாதங்களில் விடுபட்டுப் போகிறது.

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். அந்தச் சொலவடை, எய்தவர் ஒருவரே என்றும் அம்புக்கு அறிவில்லை என்றும் எடுத்துக்கொள்கிறது. இன்றைக்கு எய்பவர்கள் பலர். அம்பும் தானே கணக்குப் போட்டுத் திசை மாறுகிறது. ஆனாலும் நீதிமன்றங்கள் இந்தச் சிக்கலை முதன்முதலாகச் சந்தித்தது கணினிக் காலத்தில் அன்று.

1946 மார்ச்சில் ஹாம்பர்க் நகரில் பிரிட்டிஷ் இராணுவத் தீர்ப்பாயம் ஒன்று மூவரை விசாரித்தது. அவர்களில் எவரும் படைவீரராகக் குற்றம் சாட்டப்படவில்லை. மூவரும் பூச்சிமருந்து விற்கும் நிறுவனம் ஒன்றைச் சேர்ந்தவர்கள். அதன் உரிமையாளர் புருனோ டெஷ். அவர் வெளியூர் சென்றிருக்கும் காலங்களில் நிறுவனத்தை நடத்தியவர் கார்ல் வைன்பாகர். மூன்றாமவர் யோஆகிம் ட்ரோசின் என்ற தொழில்நுட்பர். அவர்கள் விற்ற சைக்ளோன் பி என்னும் பொருள், கப்பல்களிலும் கிடங்குகளிலும் எலிகளையும் பேன்களையும் ஒழிக்கச் சட்டப்படி பயன்பட்டு வந்த நச்சு வாயு. அதுவே நாஜி ஜெர்மனியின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கும் போய்ச் சேர்ந்தது. கிருமி ஒழிப்புக்காகவே அதை விற்றோம், வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது என்பதே தற்காப்பு வாதம். இன்று எந்த நிறுவனத்தின் செய்தித் தொடர்பாளரும் சொல்லக்கூடிய வாக்கியம்தான் அது.

தீர்ப்பாயம் பொருளின் தன்மையைப் பார்த்து முடிவெடுக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் என்ன தெரிந்திருந்தது, அவர் கையில் என்ன இருந்தது என்று தனித்தனியே பார்த்தது. டெஷ் மனிதர்களைக் கொல்ல இந்த வாயு பயன்படுவதை அறிந்திருந்தார் என்பதற்கு அவருடைய அலுவலக ஊழியர்களே சாட்சி சொன்னார்கள். அவருக்கும் வைன்பாகருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டு, அதே ஆண்டு மே மாதம் நிறைவேற்றப்பட்டது. ட்ரோசின் விடுதலை செய்யப்பட்டார். வாயுவை எங்கே அனுப்புவது, எங்கே அனுப்பாமல் நிறுத்துவது என்பதில் செல்வாக்குச் செலுத்தும் நிலையில் அவர் இருந்தார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. நிறுத்தும் நிலையில் இல்லாத ஒருவருக்குத் தெரிந்திருந்தாலுமே அது மட்டும் அவரைக் குற்றவாளியாக்காது என்ற நோக்கில்தான் அவருடைய வழக்கு அணுகப்பட்டது. ஒரே நிறுவனம், ஒரே வாயு. ஆனால் மூன்று பேருக்கும் ஒரே விடை இல்லை. உங்கள் கேள்விக்கான அடிப்படைச் சட்டகம் இந்த வழக்கிலேயே இருக்கிறது என்று நான் கருதுகிறேன். சட்டப்படி ட்ரோசின் விடுபட்டது சரி. ஆனால் அறத்தின்படியும் அவர் முற்றிலும் விடுபட்டாரா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

இனி அம்புக்கு அறிவு வந்த காலத்துக்கு வருவோம். 2018 மார்ச் 18 அன்று இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி நகரத்துச் சாலையைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்த ஒரு பெண்மீது ஊபர் நிறுவனத்தின் தானியங்கிச் சோதனைக் கார் மோதியது. அவர் இறந்தார். தானியங்கிக் கார் மோதிப் பாதசாரி ஒருவர் இறந்த முதல் நிகழ்வு அது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையை நிதானமாகப் படித்தால், "இயந்திரம் தவறிவிட்டது" என்ற ஒற்றைச் சொற்றொடர் எத்தனை மனித முடிவுகளை மூடி மறைக்கிறது என்பது புரியும்.

மோதலுக்கு 5.6 நொடிக்கு முன்பே உணரிகள் அந்தப் பெண்ணைக் கண்டுவிட்டன. ஆனால் மென்பொருள் அவரை ஒரு கணம் வாகனம் என்றது, மறுகணம் இன்னதென்று தெரியாத பொருள் என்றது, பிறகு சைக்கிள் என்றது. ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும், அவர் எந்தத் திசையில் நகர்ந்துகொண்டிருந்தார் என்ற முந்தைய தகவலைக் கணக்கில் கொள்ளாமல் முதலிலிருந்து தொடங்கியது. பாதசாரிக் கடவை இல்லாத இடத்தில் ஒருவர் சாலையைக் கடக்கக்கூடும் என்ற எண்ணமே அதன் வடிவமைப்பில் இல்லை. தேவையில்லாமல் அடிக்கடி பிரேக் போடுவதைத் தவிர்ப்பதற்காக, ஆபத்தை உணர்ந்தபின் ஒரு நொடி எதுவும் செய்யாமல் இருக்கும்படி அமைத்திருந்தார்கள். கார் தயாரித்தவர்களே பொருத்தியிருந்த அவசரப் பிரேக் வசதி, தானியங்கி முறை இயங்கும்போது வேலை செய்யாதபடி முடக்கப்பட்டிருந்தது. முன்பு ஒவ்வொரு சோதனைக் காரிலும் இருவர் இருந்தனர். சில மாதங்களுக்கு முன்புதான் அதை ஒருவராகக் குறைத்திருந்தனர். அந்த ஒருவர் அப்போது தமது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2019இல் அரசு வழக்கறிஞர் அலுவலகம் நிறுவனத்தின்மீது குற்றவியல் வழக்குத் தொடர அடிப்படை இல்லை என்றது. ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர்மீது மட்டுமே வழக்கு வந்தது. 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. அவர் குற்றமற்றவர் என்று நான் சொல்லவரவில்லை. கைப்பேசியைக் கீழே வைத்திருந்தால் அந்தப் பெண் இன்று உயிரோடு இருந்திருக்கக்கூடும். ஆனால் பல மணி நேரம் எதுவுமே செய்யாமல் ஒரு திரைக்கும் சாலைக்கும் நடுவே அமர்ந்திருக்கும் மனிதரின் கவனம் தளரும் என்பது தானியங்கித் துறையில் யாருக்கும் புதிய செய்தியன்று. அது தெரிந்தும், அவர் கவனமாக இருப்பார் என்ற ஒரே நம்பிக்கையின் மீது மற்ற எல்லாப் பாதுகாப்புகளையும் தளர்த்தியவர்கள் யார்? அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவர்கள் கையில் மாற்றும் அதிகாரமும் இருந்தது. என் அளவுகோலின்படி பொறுப்பின் பெரும்பகுதி அங்கேதான் நிற்கிறது. இருக்கையில் ஒரு மனிதரை அமர்த்துவது சில வேளைகளில் பாதுகாப்புக்காக இல்லை. பழி விழுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவே என்று தோன்றுகிறது.

பிரிட்டன் அஞ்சல் துறையில் நடந்தது இதைவிடக் கொடியது. ஏனென்றால் அங்கே அவசரம் எதுவும் இல்லை, பத்தாண்டுகளுக்கு மேல் நிதானமாகவே நடந்தது. 1999 முதல் அஞ்சல் கிளைகளுக்கு வந்த ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள், பிழைகளால் இல்லாத பற்றாக்குறைகளைக் காட்டியது. ஒப்பந்தப்படி பற்றாக்குறைக்குக் கிளைப் பொறுப்பாளர்தான் ஈடுகட்ட வேண்டும். பலர் வீட்டுச் சேமிப்பை எடுத்துக் கட்டினார்கள். 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள். உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்களில் பலருக்கு, இப்படிச் சிக்கல் என்று சொல்வது நீங்கள் ஒருவர்தான் என்ற பதில் கிடைத்திருக்கிறது. அந்தப் பதிலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரையும் மற்றவர்களிடமிருந்து பிரித்துவைத்து, தன் கண்ணையே தான் நம்பாத நிலைக்கு அது தள்ளியது.

இதற்குச் சட்டமும் துணை நின்றது. கணினி தரும் சான்றை ஏற்க வேண்டுமானால் அது சரியாக இயங்கியது என்று காட்ட வேண்டும் என 1984ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அது 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன்பின், மாறாகக் காட்டப்படும்வரை கணினி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றங்கள் கொண்டன. ஒரு சிற்றூர் அஞ்சலகப் பொறுப்பாளர் பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் மென்பொருளுக்குள் புகுந்து பிழை இருப்பதை எப்படிக் காட்டுவார்? 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பளித்தது. 2024இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை நீக்கியது. இந்த விவகாரத்தில் வழக்குத் தொடுத்தவர், சாட்சி சொன்ன பொறியாளர், பணத்தைக் கட்டச் சொன்ன மேலாளர் என்று ஒவ்வொருவரும் தம் மேசைக்கு வந்த தாளை மட்டும் பார்த்தார்கள். பார்க்காமல் இருக்க முடிந்ததே அவர்களுக்கு வசதியாக இருந்தது. "தெரியாது" என்பது இங்கே வெறும் குறைபாடு இல்லை. முயன்று காப்பாற்றப்பட்ட ஒரு நிலை.

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற ஆயிரக்கணக்கான பெற்றோர்மீது தவறாக மோசடிக் குற்றம் சுமத்தப்பட்டதற்காக 2021 ஜனவரியில் பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை முழுவதும் பதவி விலகியது. பொறுப்பேற்பதன் உச்சம் இதுதான் என்று சிலர் மெச்சினார்கள். இரண்டு மாதத்தில் தேர்தலில் வென்று, அடுத்த ஆண்டு ஜனவரியில் அவரே மீண்டும் பிரதமரானார். கூட்டாகப் பொறுப்பேற்பதும் ஒரு வகையில் பொறுப்பைக் கரைக்கும் வழியாகிவிடலாம்.

பன்னாட்டு விவகாரங்களில் நீங்கள் முதலில் குறிப்பிட்டது தானியங்கி ஆயுதங்களை. இதைப் பற்றி ஜெனீவாவில் மரபுவழி ஆயுத உடன்படிக்கையின் கீழ் 2014 முதல் பேசி வருகிறார்கள். 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை இதுகுறித்த முதல் தீர்மானத்தை 152 நாடுகளின் ஆதரவோடு நிறைவேற்றியது. நான்கு நாடுகள் எதிர்த்தன, அவற்றில் இந்தியாவும் ரஷ்யாவும் உண்டு. இந்தப் பேச்சுகளில் அடிக்கடி வரும் கோரிக்கை, ஆயுதத்தின் மீது பொருளுள்ள மனிதக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்பது. கோரிக்கை சரிதான். ஆனால் பொருளுள்ள என்ற அடைமொழியை விட்டுவிட்டு மனிதக் கட்டுப்பாட்டை மட்டும் பிடித்துக்கொள்ளும் அரசுகள் பல.

அந்த அடைமொழி என்ன கேட்கிறது என்பதற்கு இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைக்கலாம். 1983 செப்டம்பர் 26 அன்று நள்ளிரவு கடந்த வேளையில், மாஸ்கோவுக்கு அருகே ஒரு கண்காணிப்பு நிலையத்தில், அமெரிக்கா ஏவுகணை ஒன்றை ஏவியதாகச் செயற்கைக்கோள் எச்சரிக்கை அமைப்பு சொன்னது. பிறகு மேலும் நான்கு என்றது. பணியிலிருந்த லெப்டினன்ட் கர்னல் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் அதைப் பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். முதல் தாக்குதல் நடத்துபவர்கள் ஐந்தே ஏவுகணைகளோடு தொடங்க மாட்டார்கள் என்று எண்ணினார். அமைப்பு புதியது, முழுதும் நம்பத்தக்கதன்று என்பதும் அவருக்குத் தெரியும். தரையிலிருந்த ரேடார்களும் எதையும் உறுதிசெய்யவில்லை. உயரத்து மேகங்களில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியே காரணம் என்று பின்னர் தெரிந்தது.

1988 ஜூலை 3 அன்று பாரசீக வளைகுடாவில், வின்சென்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஈரானியப் பயணிகள் விமானம் ஒன்றைப் போர் விமானம் என்று கருதிச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் இறந்தனர். அங்கே கணினி அமைப்பு, விமானம் மேலே ஏறிக்கொண்டிருப்பதாகச் சரியாகவே பதிவு செய்திருந்தது. அதே நேரத்தில் கடலில் சிறு படகுகளோடு சண்டையில் இருந்த குழுவினர், அது தங்களை நோக்கிக் கீழிறங்குவதாக நம்பிவிட்டார்கள்.

ஒன்றில் இயந்திரம் தவறியது, மனிதர் காத்தார்; மற்றதில் இயந்திரம் சரியாகச் சொன்னது, மனிதர்கள் தவறினார்கள். ஆகவே மனிதர் நடுவில் இருந்தால் போதும் என்பதும் பொய், இயந்திரமே மேல் என்பதும் பொய். பெத்ரோவிடம் இருந்தவை வேறு: இயந்திரத்தின் குறை எங்கே என்று தெரிந்திருந்தது, வேறொரு வழியில் சரிபார்க்க முடிந்தது, இல்லை என்று சொல்லும் அதிகாரம் இருந்தது, சில நிமிட நேரமும் இருந்தது. வேகத்தைப் பெருமையாகச் சொல்லி விற்கப்படும் ஆயுதம் முதலில் பறிப்பது அந்த நிமிடங்களைத்தான். பொத்தானை அழுத்த ஒருவரை வைத்துவிட்டு இந்த நான்கையும் எடுத்துக்கொண்டால், டெம்பி நகரத்துக் காரின் இருக்கையில் இருந்தவருக்கும் அவருக்கும் வேறுபாடு இல்லை.

பல கைகள் வழியே தீங்கு நடக்கும் இன்னொரு பன்னாட்டு விவகாரம் பொருளாதாரத் தடைகள்; அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1990 ஆகஸ்டில் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 661ஆம் தீர்மானத்தால் ஈராக்மீது விதிக்கப்பட்ட தடைகளை நடத்திய குழுவில், எந்த ஓர் உறுப்பு நாடும் ஒரு சரக்கை நிறுத்திவைக்க முடிந்தது. யாரும் யாரையும் கொல்லவில்லை. ஒரு தாளில் நிறுத்திவைப்பு என்று எழுதினார்கள், அவ்வளவே. அங்கே ஐ.நா.வின் மனிதநேயப் பணிகளுக்குத் தலைமை வகித்த டெனிஸ் ஹாலிடே 1998இலும், அவருக்குப் பின்வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000இலும் இதைக் கண்டித்துப் பதவி விலகினர். தடைகளால் ஐந்து இலட்சம் குழந்தைகள் இறந்தார்கள் என்ற எண் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 2003க்குப் பின் நடந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. எண் பொய்த்ததால் துன்பமும் பொய் என்று ஆகாது; ஆனால் அறம் பேசுகிறவர் எண்ணில் தளர்ச்சி காட்டினால் எதிர்த்தரப்புக்கு வேலை எளிதாகிவிடுகிறது. 2022 டிசம்பரில் நிறைவேறிய 2664ஆம் தீர்மானம், ஐ.நா.வின் சொத்து முடக்கத் தடைகளிலிருந்து மனிதநேய உதவிக்குப் பொது விலக்கு அளித்தது. நல்ல அடி, முப்பது ஆண்டு தாமதம்.

அன்றாட வாழ்க்கையில் நம் பங்கு என்ன? இங்கே மிகையாகக் குற்றவுணர்வு கொள்வதையும் நான் ஏற்பதில்லை. வங்கதேசத்தின் சாவர் நகரில் ராணா பிளாசா கட்டடம் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. மேல்தளங்களின் ஆயத்த ஆடைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். தொலைநாட்டுக் கடையில் சட்டை வாங்கியவருக்கு அந்த விரிசல் தெரிந்திருக்க வழியில்லை. விரிசலைப் பார்த்தபின் வரச் சொன்னவர்களுக்குத் தெரியும். விலையையும் கெடுவையும் நெருக்கிக்கொண்டே போன வணிகக் குறிகளுக்கு (பிராண்டு நிறுவனங்களுக்கு) தெரிந்திருக்க முடியும். பேரழிவுக்குப் பிறகு 200க்கும் மேற்பட்ட வணிகக் குறிகள் கையெழுத்திட்ட தொழிற்சாலைப் பாதுகாப்பு ஒப்பந்தம், சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒன்றாக அமைந்தது. தெரிந்துகொள்வதும் நிறுத்துவதும் இயலும் என்பதற்கு அதுவே சான்று. இடிந்த பிறகுதான் இயன்றது என்பதே குறை. வாங்குபவரின் கடமை ஒவ்வொரு சட்டையின் வரலாற்றையும் துருவுவதில் இல்லை. இத்தகைய ஒப்பந்தங்களைக் கேட்பதிலும், அவற்றைக் கைவிடும் நிறுவனங்களை மறக்காமல் இருப்பதிலும் இருக்கிறது.

ஒரு செய்தியை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவைப்பது இதற்கு நேர்மாறானது. அங்கே தெரிந்துகொள்ளவும் நிறுத்தவும் முழு ஆற்றலும் நம் விரலில் இருக்கிறது. 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியால் இந்தியாவில் பலர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகே ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்நிறுவனம் வரம்பு வைத்தது. அனுப்பியவர்கள் எவரும் தம்மைக் கொலையில் பங்காளியாகக் கருதியிருக்க மாட்டார்கள். சட்டையை வாங்கியவரைவிட அவர்களுடைய பங்கு பல மடங்கு பெரியது என்பதே என் கணிப்பு.

இப்போது உங்கள் சொந்த நிலைக்கு வருகிறேன். நீங்கள் எழுதும் மென்பொருளின் ஒரு பகுதி எங்கே பயன்படும் என்று தெரியவில்லை என்கிறீர்கள். முதல் கடமை, அதைக் கேட்பது. கேட்டதை எழுத்தில் வைத்திருப்பது. பதில் வராமலே போனால், அதுவும் ஒரு தகவல்தான். ட்ரோசினைப் பற்றிய என் தயக்கம் இதில்தான் இருக்கிறது: வாயு செல்வதை நிறுத்தும் நிலையில் அவர் இல்லை என்பதை ஏற்கிறேன், ஆனால் நிறுத்த முடியாதவரும் தம் பங்கு உழைப்பை விலக்கிக்கொள்ள முடியும். அதற்காக ஒவ்வொரு ஐயத்துக்கும் வேலையை விட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். குடும்பத்தைத் தாங்கும் ஒருவரிடம் அதைக் கேட்பவர், பெரும்பாலும் அந்த விலையைத் தாம் கொடுத்திராதவராகவே இருப்பார். தெரியாதபோது கேட்பது, தெரிந்தபின் எதிர்ப்பைப் பதிவு செய்வது, உயிருக்கு நேரடித் தீங்கு என்று உறுதியானால் அந்த வேலையை மட்டுமாவது மறுப்பது என்ற வரிசை, பெரும்பாலோரால் இயலக்கூடியது. ஹொரைசன் விவகாரத்தில், தொலைவிலிருந்தே கிளைக் கணக்குகளை மாற்ற முடியும் என்பதை அறிந்திருந்த பொறியாளர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரு சிலர் இந்த வரிசையின் முதல் இரண்டு படிகளைத் தொடக்கத்திலேயே உரக்கச் செய்திருந்தால், பல வழக்குகள் நீதிமன்றம் வரை போயிருக்காது.

கடைசியாக ஒன்று. குற்றம் யாருடையது என்று தெளியும்வரை ஈடு செய்யாமல் காத்திருக்கத் தேவையில்லை. வின்சென்ஸ் கப்பல் விவகாரத்தில் அமெரிக்கா சட்டப் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலேயே 1996இல் 6 கோடியே 18 இலட்சம் டாலர் தர இசைந்தது. அந்த ஒப்புக்கொள்ளாமை எனக்கு உறுத்துகிறது. ஆனாலும், பழியைப் பற்றிய வாதம் முடியாத நிலையிலும் இறந்தோரின் குடும்பங்களுக்குச் சேர வேண்டியதைத் தர முடியும் என்பதை அது காட்டியது. உங்கள் நிறுவனத்திலும் முதலில் கேட்க வேண்டியது அதுவாக இருக்கலாம்: மென்பொருள் தவறிவிட்டது என்று ஒருவர் முறையிட்டால், தவறு யாருடையது என்று முடிவாகும் முன்பே அவருக்குக் காதுகொடுக்க யாராவது இருக்கிறார்களா, இடைக்கால நிவாரணம் தர அவருக்கு அதிகாரம் உண்டா?